குண்டானில் சோறு இருந்தது

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் மதியம் ஒரு மணி ஆயிற்றா என்று கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். என் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்து தெருக்குழாயைத் திறந்தால் ஒரு மணி. வலது கையை மட்டும் நீட்டி விரல் விரலாகத் தேய்த்துக் கழுவுவார். ஒரு வாய் தண்ணீர் எடுத்து நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கொப்பளித்துத் துப்புவார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, எதிரில் யார் நின்றாலும், "என்னாபா, சாப்ட்டியா?" என்பார். நாம் திருப்பிக் கேட்டே ஆக வேண்டும். கேட்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.

"நீ சாப்ட்டியாக்கா?"

"ஓ, ஆச்சே!"

வெறும் 'ஆச்சு' இல்லை, 'ஆச்சே'. இதையெல்லாமா கேட்பது என்கிற மாதிரி ஓர் இழுப்பு. அதோடும் விட மாட்டார். என்ன குழம்பு, என்ன பொரியல், அப்பளம் பொரித்ததா சுட்டதா என்று ஒரு பந்தியே பரிமாறிவிட்டுத்தான் உள்ளே போவார்.

அந்தக் குழம்புகளில் ஒன்றே ஒன்றைத் தவிர எதுவும் அடுப்பில் ஏறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்களும் அவரைப் பார்த்திருப்பீர்கள். நெசவுக்காரத் தெருவில் ஏழையாகப் பிறந்த ஒரு பையன் படித்துப் பெரிய அதிகாரியாகிற கதை. வெளிநாடெல்லாம் போய்ப் பரிசு வாங்கி வந்ததே, அந்தப் படம். அதில் குழாயடியில் ஒரு நிமிஷம் வருகிற அம்மா இவர்தான். படத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அக்காவின் பெயரையும் எழுதப் போவதில்லை. அதைத் திரை முழுக்கக் காட்டி முடித்துவிட்டார்கள், நான் வேறு காட்ட வேண்டாம்.

அக்காவுக்குப் பட்டுப் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிற வேலை. கணவர் தறிக்காரர், போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. ரேஷன் கார்டில் பெயர் கொழுந்தன் குடும்பத்தோடு இருந்தது. அரிசி அங்கே போய்விடும். "கேட்டு வாங்கேன்க்கா" என்று ஒருதரம் சொன்னேன். "எனக்கு எதுக்குப்பா அரிசி, வீட்டுல மூட்டையா கெடக்குது" என்றார். காலையில் டீ, சாயங்காலம் ஏதாவது. பட்டினி கிடந்தார் என்று சொன்னால் என்னை அடிக்க வருவார். மதியச் சாப்பாடு மட்டும்தான் கிடையாது. அந்த மதியத்தைத்தான் அவர் அவ்வளவு தடபுடலாகக் கொண்டாடினார்.

அந்தப் பொய்யில் ஓர் ஒழுங்கு இருந்தது. நேற்றைய குழம்பு இன்றைக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கவுச்சி. வெள்ளிக்கிழமை, கிருத்திகை என்றால் சாம்பார், வடை. புரட்டாசி மாதம் முழுக்க, வைக்காத மீன் குழம்பைக்கூட வைக்க மாட்டார். என் மனைவி பச்சை மொச்சை போட்டுக் கத்திரிக்காய்க் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டதே அக்கா சொல்லித்தான். "புளிய கெட்டியா கரைச்சிடாத. எறக்கும்போது ஒரு கல்லு வெல்லம் போடு, ஒண்ணே ஒண்ணு" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். கேட்கிறவர்களுக்கு நாக்கில் ஊறும். சொல்கிறவருக்கு என்ன செய்யும் என்று அப்போது நாங்கள் யோசித்ததில்லை.

விதவை உதவித்தொகை மனுவுக்காக ஒருமுறை என்னிடம் போட்டோ எடுத்துக்கொண்டார். பிரிண்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாபா இது, பசியோட இருக்கிற மூஞ்சி மாதிரி இருக்குது. வேற எடு."

"எல்லாருக்கும் அப்படித்தான்க்கா வரும், பாஸ்போர்ட் சைஸு."

"அப்ப உனக்கு எடுக்கத் தெரியலன்னு சொல்லு."

மூன்று முறை எடுத்தேன். மூன்றாவது முறை கன்னத்துக்குள் காற்றை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் எடுத்தேன். அந்தப் போட்டோதான் மனுவில் ஒட்டியது. உப்பிய கன்னத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, தொகை கடைசிவரை வரவில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு ஃப்யூஸ் போன நாளில். கரண்ட் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார். ஸ்டூல் போட்டு ஏறி நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது மணி ஒன்று ஆகிவிட்டது. அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள், சுத்தமாகத் துடைத்த அடுப்பு, சாம்பார் வாசனையும் இல்லை, தாளித்த வாசனையும் இல்லை. வெளியே யாரோ பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டதும் எழுந்தார். நான் மேலே நிற்பதை மறந்துவிட்டாரோ என்னவோ, வலது கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு, பருக்கை ஒட்டிய கை மாதிரி உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வெளியே போய்க் குழாயைத் திறந்தார்.

"ஓ, ஆச்சே! இன்னிக்கி முருங்கக்கா சாம்பாரு" என்ற குரல் வாசலிலிருந்து வந்தது. நான் ஸ்டூலின் மேல் அப்படியே நின்றேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அழவுமில்லை, அங்கலாய்க்கவுமில்லை. மறுநாளிலிருந்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். எதைக் கொடுத்தாலும் "இப்பத்தானேம்மா ஆச்சு" என்று திருப்பி அனுப்புகிறவர் கோயில் பிரசாதத்தை மட்டும் மறுக்க மாட்டார். ஆகவே வீட்டில் கிளறிய புளியோதரையைத் தொன்னையில் வைத்து, மேலே ஒரு துளசியையும் கிள்ளிப் போட்டு, "கோயில்ல குடுத்தாங்கக்கா" என்று நீட்டுவாள். அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொள்வார். வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் வீட்டில் கோயில் நடந்தது. அவள் அப்படி. நான் எப்படி என்பதற்கு வருகிறேன்.

சினிமாக்காரர்கள் வந்தபோது தெருவில் வீடு பிடித்துக் கொடுக்க, ஆட்களைப் பேசி வைக்க என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு நப்பாசை. மஞ்சள்நீராட்டு ஆல்பமும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுத்து அலுத்துப் போயிருந்தேன். அடுத்த படத்தில் ஸ்டில்ஸ் எடுக்கிற வேலையில் ஒட்டிக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன். ஏழை மேலே வருகிற கதையை எடுக்க வந்தவர்களைப் பிடித்து நானும் மேலே வரப் பார்த்தேன், அவ்வளவுதான் விஷயம்.

டைரக்டர் நல்ல மனிதர். சின்ன வயது, மெதுவான பேச்சு. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, "இந்தத் தெருவுல யாராவது சுவாரஸ்யமான கேரக்டர் இருக்காங்களா பிரதர்?" என்று கேட்டார். அவர் என் பக்கம் திரும்பிப் பேசியதே அதுதான் முதல் தடவை. நான் அக்காவைச் சொன்னேன். குழாய், கொப்பளிப்பு, புரட்டாசி விரதம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவர் டீயைக் குடிக்காமல் கிளாஸைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அக்காவிடம் கதையைச் சொல்லவில்லை. "எப்பவும் போல வெளிய வந்து கை கழுவுங்கம்மா, கதாநாயகனா நடிக்கிற பையன் சாப்ட்டீங்களான்னு கேப்பான், எப்பவும் போல பதில் சொல்லுங்க, அவ்வளவுதான்" என்றார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஷூட்டிங் அன்றைக்குக் காலை பத்து மணிக்கே அவர் வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. என் மனைவி ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தாள்.

"ஏங்க, அக்கா மெய்யாலுமே சமைக்கிறாங்க!"

போய்ப் பார்த்தேன். சோறு வடித்து வைத்திருந்தார். பச்சை மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கே வாங்கினார், எப்படி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

"என்னாக்கா விசேஷம்?"

"காமிரா பாக்குதுல்ல. அதுங்கிட்ட போய் பொய் சொல்லலாமா?" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்திருக்க வேண்டும். கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளற ஆரம்பித்துவிட்டார். எங்கள் பழக்கத்தில், தன் பொய்யை அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

வெளியே அக்காவின் ஷாட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வேறொன்று எடுக்க வேண்டும் என்று உதவி டைரக்டர் என்னை அழைத்துப் போனார். வெறும் சோற்றுக் குண்டான் ஒன்று வேண்டும் என்றார். வேறு பாத்திரம் கொண்டுவரலாமே என்றேன். "இதுதான் பிரதர் ரியலா இருக்கு. இதையே காலி பண்ணிக் குடுங்க, லைட் போயிடும்" என்றார். அது அக்காவின் கல்யாணச் சீர் எவர்சில்வர் குண்டான். கழுத்தில் அக்காவின் பெயரும் கணவர் பெயரின் முதல் எழுத்தும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

தூக்கியது நான்தான். பின்பக்கம் கொண்டுபோய்ச் சாக்கடை ஓரம் கவிழ்த்தேன். குழம்புச் சட்டியையும் கவிழ்த்தேன். சோற்றில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. குழம்பு கையில் வழிந்தது, பேண்டில் துடைத்துக்கொண்டேன். அதே நேரம் வாசலில் அக்காவின் குரல் கேட்டது. "ஓ, ஆச்சே! பச்ச மொச்ச போட்டு கத்திரிக்கா கொழம்பு." நான் ஸ்டுடியோ வைத்த எட்டு வருடத்தில் அவர் அந்தத் தெருவில் சொன்ன மெனுக்களில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான். சாப்பிடுவதை மட்டும் ஷாட் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

அக்கா உள்ளே வந்தார். கழுவித் துடைத்த குண்டானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யூனிட் ஆளுங்க சாப்ட்டுட்டாங்கக்கா. பசி தாங்கல பாவம்" என்றேன்.

என் கையை ஒரு நொடி பார்த்துவிட்டு, "நல்லா இருந்திச்சாமா?" என்று கேட்டார்.

"சூப்பர்னாங்கக்கா."

"வெல்லம் போட்டேன், ஒண்ணே ஒண்ணு" என்றார். யூனிட் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். பிறகு அவரை என் ஸ்டுடியோவில் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பையனை வைத்து உள்ளே எடுத்தார்கள்.

படம் வர ஒரு வருடம் ஆயிற்று. வெளிநாட்டில் எழுந்து நின்று கை தட்டினார்கள் என்று செய்தி வந்தது. ஊர் தியேட்டரில் போட்டதும், மதிய ஆட்டத்துக்கு எங்கள் தெருவே நாலு ஷேர் ஆட்டோவில் போயிற்று. அக்கா கல்யாணப் புடவை கட்டியிருந்தார். எனக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

அந்தக் காட்சி வந்தது. அக்கா கை கழுவுகிறார். பையன் கேட்கிறான். "ஓ, ஆச்சே!" தியேட்டரில் எங்கள் தெருக்காரர்கள் விசிலடித்தார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு காமிரா அந்தப் பையனோடு வீட்டுக்குள் போயிற்று. சுத்தமான அடுப்பு. குண்டான். பையன் எட்டிப் பார்க்கிறான், உள்ளே ஒன்றுமில்லை. கழுத்தில் வெட்டிய அக்காவின் பெயர் திரை முழுக்கப் பளபளத்தது. விசில் நின்றது. யாரோ விசும்பினார்கள். பிறகு தியேட்டர் முழுக்கக் கைதட்டல். அந்தக் காலிக் குண்டானைப் பார்த்துத்தான் கதாநாயகனுக்கு வைராக்கியம் வருகிறது. கடைசியில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அதையே நினைத்துப் பார்க்கிறான். அந்தப் படத்தில் எல்லோரும் மேலே போகிறார்கள். நன்றி சொல்கிற பட்டியலில் என் பெயரும் மேலே போயிற்று.

அக்கா கைதட்டலுக்கு நடுவில் என் பக்கம் சாய்ந்து, "அன்னிக்கி சோறு இருந்திச்சேப்பா" என்றார். குழந்தை பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "ஆக்கி வெச்சிருந்தேனே." நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தெருவுக்கு இரக்கம் பிடித்துக்கொண்டது. இரக்கம் அவ்வளவு கொடுமையானது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு மணிக்கு அக்கா குழாயடிக்கு வந்தால், பார்க்கிறவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆச்சே என்றால் தலையைச் சாய்த்து, "ஐயோ பாவம்" என்றார்கள். ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவருடைய ஆச்சேயைப் போனில் போட்டு, பிள்ளைகள் வாயசைத்து ரீல்ஸ் எடுத்தார்கள். வெளியூரிலிருந்து பிரியாணிப் பொட்டலத்தோடு ஆட்கள் வந்தார்கள், ஒரு கையில் பொட்டலம், ஒரு கையில் போன். என் மனைவி தொன்னையை நீட்டியபோது அக்கா வாங்கவில்லை. "எந்தக் கோயில்லமா தெனம் தெனம் புளியோதர குடுக்கறான்? எனக்கு அப்பவே தெரியும். இப்ப உனக்கும் எனக்கும் நடுவுல அது எதுக்கு?" என்றார். அவள் தொன்னையோடு திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

ஒரு நாள் பொட்டலத்தோடு வந்த ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பசியை மறைச்சு வாழ்ந்தீங்களேம்மா" என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவே கூடி நின்றது. அக்கா கையை உதறிக்கொண்டு, ஸ்டுடியோ வாசலில் நின்ற என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ சொல்லு. அன்னிக்கி நான் ஆக்கி வெச்சிருந்தனா இல்லியா? நீ உள்ளாற தானே இருந்தே. குண்டான்ல சோறு இருந்திச்சா இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் போனும் என் பக்கம் திரும்பியது. இருந்தது என்று சொன்னால், அது எங்கே போயிற்று என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு டைரக்டரின் அடுத்த படத்துக்குப் போன் வரும் என்று இன்னும் நம்பிக்கை இருந்தது. அதைவிட, கவிழ்த்தது என் கை.

"அது சினிமாக்கா. அத போய் பெரிசா எடுத்துக்கினு... விடு" என்றேன்.

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.  அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் ஒரு மணிக்குக் குழாயடியில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு அவர் அங்கே வரவே இல்லை. சாப்ட்டியா என்று கேட்கவுமில்லை, ஆச்சே என்று சொல்லவுமில்லை. அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதையும் பிடுங்கி ஊருக்குக் கொடுத்துவிட்டோம். டைரக்டரிடமிருந்து போன் வரவில்லை.

மூன்று மாதத்துக்குள் ஆள் பாதியாகிவிட்டார். ஒரு நாள் காலையில் குஞ்சம் கட்டுகிற புடவை மேலேயே மயங்கிக் கிடந்தார். நானும் மனைவியும் ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மத்தியானம் நர்ஸ் மாத்திரையோடு வந்தார்.

"வெறும் வயித்துல போடக்கூடாதும்மா. சாப்ட்டீங்களா?"

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முகவாயால் என்னைக் காட்டினார்.

"அவரக் கேளு தாயி. நான் சொன்னா யாரும் நம்பறதில்ல."

"இல்லீங்க சிஸ்டர். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. இருந்தது என்று சொல்ல வேண்டிய நாளில் திறக்காத வாய், இல்லை என்று சொல்ல ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

மனைவி கீழே போய் இரண்டு இட்லி வாங்கி வந்தாள். அக்கா அத்தனை பேர் பார்க்கச் சாப்பிட்டார். மாத்திரையை விழுங்கினார். நான் தட்டையும் சொம்புத் தண்ணீரையும் எடுத்துக் கைக்கு நேராகப் பிடித்தேன். அவர் கையை நீட்டவில்லை. போர்வையில் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்பா. அதெல்லாம் பாக்கறவங்களுக்கோசரம் கழுவுனது."

மனைவி வெளியே போயிருந்தாள்.  "அக்கா, அன்னிக்கி யாரும் சாப்பிடல. நான்தான் கொட்டிட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"உன் கையில கொழம்பு வாசன அடிச்சிதே. பேண்டெல்லாம் துடைச்சிக்கினு நின்னே. காமிரா வெக்க எடம் பத்தலன்னு நீ கொட்டினேன்னு நெனச்சேன். காலியாக் காட்டத்தான்னு தெரியல."

"அப்புறம் ஏங்க்கா தெருவுல எல்லார் முன்னாடியும் என்னையக் கேட்டே?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். 

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்பா."

நான்காம் நாள் போய்விட்டார். தெருவே வந்து வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டது. என் முறை வந்தபோது, "அன்னிக்கி குண்டான்ல சோறு இருந்திச்சு, நான்தான் கொட்டினேன்" என்று சத்தமாகவே சொன்னேன். பறை அடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. பின்னால் நின்றவர், சீக்கிரம் போட்டுட்டு நகருப்பா என்றார்.